முதல் பந்தைப் பார்ப்பவன்

பதினோரு வருடங்களாக ஜப்பான் அணியின் முதல் பந்தைச் சந்தித்து வந்தவன் குமாகுரா ஷுன்ஜி. எதிர்முனையில் நின்ற கெங்கோ ஒரு தடவைகூட அதைச் சந்தித்ததில்லை. உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு அல்ல. முதல் ஆட்டத்தில் இருவரும் மைதானத்துக்குள் நடந்தபோது, "நீ போடா, எனக்குப் பயமா இருக்கு" என்றான் கெங்கோ. ஷுன்ஜிக்கும் பயம்தான். ஆனாலும் புதுப் பந்து இன்றைக்கு என்ன செய்யப்போகிறது என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. போனான். அப்படியே வழக்கமாகிவிட்டது.

அந்த ஆசையால் அவன் பட்டதும் உண்டு. பள்ளியில் இருவரும் பேஸ்பால் ஆடியவர்கள். கடைசி வருடக் கோடைப் போட்டியில், ஒரே ஓர் அடி தேவைப்பட்ட நேரத்தில், நல்ல பந்து மூன்றை விட்டால் அவுட் என்ற ஆட்டத்தில் மூன்றாவதையும் ஷுன்ஜி மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். அவுட். ஆட்டம் போயிற்று. அணியே மண்ணில் குந்தி அழுதது.

"ஏன்டா அடிக்கல?" என்றான் கெங்கோ.

"கடைசி நொடியில கீழ எறங்குச்சுடா. எப்படி எறங்குதுன்னு பாத்தேன்."

கெங்கோ மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.

பிறகு அவர்கள் ஊரான சானோவில், பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளியொன்றின் மைதானத்துக்குக் கிரிக்கெட் வந்தது. ஆள் குறைகிறதென்று, ஸ்ட்ராபெர்ரிக் கூடாரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஷுன்ஜியைக் கெங்கோதான் இழுத்துப்போனான். வெளியே போன பந்து ஒன்றை ஷுன்ஜி தொடாமல் விட்டான். ஆட்டம் தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். வேறு யாருக்கோ தட்டுகிறார்கள் என்று நினைத்து அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஒரு பழக்கம் மட்டும் அவனை விடவில்லை. பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். கிரிக்கெட்டில் அதைக் கையோடு கொண்டுபோய்க் கோட்டுக்குள் வைக்கவேண்டும். வனுவாட்டுவில் நடந்த தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் ஷுன்ஜி வெறுங்கையோடு ஓடி, ஒரு சாண் தூரத்தில் ரன் அவுட் ஆனான். அன்றிலிருந்து அவன் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் கெங்கோ எதிர்முனையிலிருந்து "பேட்!" என்று கத்துவான். பழகிய எதிரணிக்காரர்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்துவார்கள்.

ஐம்பத்திரண்டு ஆட்டங்கள். அதிகபட்சம் எழுபத்தொன்று, போர்ட் மோரெஸ்பி வெயிலில். இப்போது வயது முப்பத்தாறு. ஆட்டமும் இருபது ஓவராகச் சுருங்கிவிட்டது. பந்தை விடுகிறவனுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

ஹாங்காங்குக்கு எதிரான ஆட்டத்தன்று காலையில் பயிற்சியாளர் ஓகானே இருவரையும் கூப்பிட்டார்.

"மறைச்சுப் பேச எனக்கு வராது. அடுத்த மாசச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு ஓபனர் சின்னப் பையன். அது முடிவாயிடுச்சு. இன்னொரு இடத்துக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். இன்னிக்கு ஆட்டத்தைப் பாத்து முடிவு பண்ணுவேன்."

இருவரும் தலை குனிந்து வணங்கினார்கள்.

"ஷுன்ஜி, முதல் ஆறு ஓவர்ல ஒரு பந்தையும் சும்மா விடக்கூடாது. வேடிக்கை பாக்கறதுன்னா டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காரு."

வெளியே வந்ததும் கெங்கோ அவன் விலாவில் இடித்தான். "கேட்டுச்சா? டிக்கெட் நான் வாங்கித் தர்றேன்."

"நீ பேசாம வாடா."

ஷுன்ஜியின் கண் அதற்குள் மைதானத்துக்குப் போய்விட்டது. அங்கே லாம் என்ற ஹாங்காங் இடக்கை வேகப்பந்து வீச்சாளன் ஒற்றை ஸ்டம்பை நட்டு வீசிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வயதிருக்கும். ஒரு பந்து காற்றில் வெளியே போய், தரையைத் தொட்டதும் எதையோ மறந்துவிட்டது போல உள்ளே திரும்பியது.

"பாத்தியா அதை?"

"பாக்கல. நீயும் பாக்காத. இன்னிக்கு வேணாம் ஷுன்ஜி."

ஹாங்காங் நூற்று முப்பத்தொன்பது எடுத்தது. இருவரும் எல்லைக் கோட்டில் நின்று மைதானத்தைக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே நடந்தார்கள். முதல் ஓவர் நல்லபடியாகப் போயிற்று. ஷுன்ஜி சொன்னபடி கேட்டு, எல்லாவற்றையும் அடித்து, எட்டு ஓட்டம் எடுத்தான். இரண்டாவது ஓவர் கெங்கோ கணக்கில் ஆறு.

மூன்றாவது ஓவருக்கு லாம் வந்தான். முதல் பந்து வெளியே போயிற்று. ஷுன்ஜியின் மட்டை தானாகவே மேலே தூக்கிக்கொண்டது. இரண்டாவதையும் விட்டான். மூன்றாவது, காலையில் பார்த்த அதே பந்து. வெளியே போய், உள்ளே திரும்பி, ஸ்டம்புக்கு இரண்டு விரல் மேலே தாண்டியது. மைதானமே "ஆ!" என்றது. ஓரத்தில் ஓகானே தொப்பியைக் கழற்றி நாற்காலியில் அடித்தார். ஷுன்ஜிக்கு அதெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது. எப்படித் திரும்புகிறது? பந்தைப் பிடித்த கையில் வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டத்திலும் இல்லை. மீதி மூன்று பந்துகளில் ஒன்றை விட்டு, இரண்டைத் தடுத்தான். கடைசிப் பந்தும் உள்ளே திரும்பியது, அதில்தான் அவன் கண்டுபிடித்தான்.

ஆறு பந்து, ஓட்டம் பூஜ்யம்.

ஆடுகளத்தின் நடுவே கெங்கோ பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "டிக்கெட் வாங்கிட்டியா? எந்த வரிசை?"

"அவன் எகிறும்போது வலது தோளைப் பாருடா. உள்ள திருப்பறதுன்னா ஒரு விரக்கடை எறங்குது."

கெங்கோ அவனை முறைத்தான். "இதை ஏன்டா எங்கிட்ட சொல்ற? இருக்கறது ஒரே இடம்."

ஷுன்ஜிக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னான்: "எனக்கு மட்டும் அப்படித் தெரியுதான்னு சந்தேகமா இருக்கு. நீயும் பாத்தாத்தான் தெரியும்."

லாமின் அடுத்த ஓவரைக் கெங்கோ சந்தித்தான். இரண்டாவது பந்தில் தோள் தாழ்ந்தது. கெங்கோ ஓரடி முன்னால் வந்து, திரும்புவதற்கு முன்பே அதை லாமின் தலைக்கு மேலே தூக்கி அடித்தான். சிக்ஸர். எதிர்முனையில் நின்ற ஷுன்ஜி மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு, "உண்மைதான்! உண்மைதான்!" என்று கத்தினான். நடுவர் வினோதமாகப் பார்த்தார்.

பிறகு இருவருமே அடித்தார்கள். ஷுன்ஜி முப்பத்தாறில் இருந்தபோது லாம் மறுபடியும் வந்தான். தோள் தாழ்ந்தது. ஷுன்ஜி இடுப்பைச் சுழற்றி, கோடைப் போட்டியில் அடிக்காமல் விட்ட அந்த ஓர் அடியை அடித்தான். பந்து உயர உயர எழுந்தது. கால்கள் ஓடத் தொடங்கின. எல்லைக் கயிற்றுக்கு முன்பே விழுந்து உருண்ட பந்தை ஒருவன் துரத்தினான். ஒரு ஓட்டம் முடிந்தது. இரண்டாவதற்குத் திரும்பினான். எதிரே ஆடுகளத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மட்டை கிடந்தது. யாருடையது என்று ஒரு கணம் யோசித்தான்.

கையை நீட்டிப் பாய்ந்தான். அதே ஒரு சாண். முப்பத்தேழில் ரன் அவுட்.

ஷுன்ஜி மட்டையை எடுத்துக்கொண்டு கடந்தபோது கெங்கோவின் முகம் வெளுத்திருந்தது. "நான் கத்தல" என்றான்.

ஜப்பான் வென்றது. கெங்கோ கடைசிவரை நின்று அறுபத்தாறு எடுத்தான். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் துடைப்பமும் மண்வாளியுமாக ஆடுகளத்தைச் சரி செய்தார்கள். அங்கேயே ஓகானே பட்டியலை வாசித்தார். ஓபனர் இடத்தில் கெங்கோ. ஷுன்ஜியின் பெயர் இல்லை.

ஓகானே அவனிடம் வந்து நின்றார். "அந்த ஒரு ஓவர்... அதுவும், அந்த பேட்டும்."

"தெரியும் சார்."

"தோள் விஷயத்தைக் கெங்கோ சொன்னான். என்னால பட்டியலை மாத்த முடியாது."

"மாத்த வேணாம் சார்." குனிந்து, லாமின் பந்துகள் விழுந்த இடத்தில் மண் போட்டு மிதித்தான்.

கெங்கோ உருளைக்கிழங்கு வறுவல் குத்திய இரண்டு குச்சிகளோடு வந்தான், சாஸ் கையெல்லாம் வழிந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"வேணும்னு செய்யலடா. உன்ன மாதிரியே நானும் பந்தையே பாத்துக்கிட்டு ஓடினதுல கத்த மறந்துட்டேன். பதினோரு வருஷத்துல முதல் தடவை."

ஷுன்ஜி அவன் முகத்தைப் பார்த்தான். அதில் தாழ்கிற தோள் எதுவும் இல்லை. குச்சியை வாங்கிக் கடித்தான்.

"எவ்வளவு ஒசரம் போச்சு?"

"ஸ்கோர்போர்டு ஒசரத்தைத் தாண்டி. அப்பறம் காத்து பிடிச்சுக்கிச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"நான் பாக்கவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடிட்டேன்."

கெங்கோ தன் குச்சியில் மிச்சமிருந்ததைக் கடித்து முடித்தான்.

"ஷுன்ஜி, அந்தச் சின்னப் பையனும் முதல் பந்து வேணாம்ங்கறான். நான்தான் போகணும்." கெங்கோ சாஸ் கையைப் புல்லில் துடைத்தான். "எப்படிடா இருக்கும் அது?"

ஷுன்ஜி சொல்ல வாயெடுத்தான். இன்றையதோடு சேர்த்து ஐம்பத்து மூன்று முதல் பந்துகளையும் நினைத்துப் பார்த்தான். ஒன்று போல இன்னொன்று இருக்கவில்லை.

"தெரியாதுடா. பாத்துட்டு வந்து சொல்லு."