ஆளுக்கொரு படிக்கட்டு

கண்ணாடிக்கடையம்மாவின் தலைக்கு மேலே பல வருடங்களாகப் புறாக்கள்தான் குடியிருந்தன. கண் பரிசோதனைக்கு வந்து உட்காருகிறவர்கள், மேலே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டு, எழுத்துப் பலகையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள். "புறாதாங்க, பயப்படாதீங்க. நீங்க மூணாவது வரியைப் படிங்க" என்பார் அந்த அம்மாள். சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு வாயிலேயே தங்கிவிட்டது.

மாடிக்குப் போக வழி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது; அதை இடித்தவர் அவருடைய வீட்டுக்காரர்தான். கடைத்தெரு களைகட்டியிருந்த நாட்களில், படிக்கட்டை எடுத்துவிட்டால் இன்னொரு அலமாரி போடலாமே என்று மனிதருக்கு ஒரு யோசனை உதித்தது. மாடியில் இருந்த குடும்பத்தை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு இடித்தார். அதைப் பார்த்ததும் பக்கத்து இரும்புக்கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. அவரும் இடித்தார். பிறகு துணிக்கடை, பாத்திரக்கடை, பேனாக்கடை என்று ஒன்றைப் பார்த்து ஒன்றாகத் தெருவே இடித்துத் தள்ளியது. எல்லோருக்கும் கடை கொஞ்சம் அகலமானது. ஆனால் சாயங்காலம் தெருவில் நடக்க ஆளில்லாமல் போனது. ஆளில்லாததால் டீக்கடை மூடியது. டீக்கடை இல்லாததால் வெளியூர்க்காரர்களும் நிற்காமல் போனார்கள், பேனாக்கடையும் மூடியது. வியாபாரத்தைப் பெருக்கக் கிளம்பிய நம் கெட்டிக்காரர்கள், வாங்குகிறவர்களையே ஊருக்கு வெளியே அனுப்பி வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் காலமான பிறகு, அவர் ஆசையாகப் போட்ட அந்த அலமாரியில் பாதி காலியாகத்தான் கிடந்தது.

இரும்புக்கடைக்காரர் இப்போது வெறும் பக்கத்துக் கடைக்காரர் இல்லை, சம்பந்தி. அவர் மகனுக்கும் இந்த அம்மாளின் மகளுக்கும் எப்படியோ பிடித்துப்போய்க் கல்யாணமும் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஒற்றுமையாக இருந்தார்கள். பெரியவர்கள் இருவரும், யார் பெயர்ப்பலகை யாருடையதை மறைக்கிறது, யார் பெருக்கிய குப்பை யார் வாசலுக்கு வந்தது என்று தினம் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வழக்கு இல்லையென்றால் இருவருக்குமே பொழுது போகாது.

பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. வந்துபோக இரண்டு பஸ் மாற வேண்டும். இந்த நிலைமையில் வீட்டுச் சொந்தக்காரர் தனக்கே வீடு வேண்டும் என்றுவிட்டார். அதே வாரம் மருமகனுக்குப் பெரிய நகரத்திலிருந்து ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது, தங்க வீட்டோடு.

"ஊருக்குள்ள ஒரு வீடு கிடைச்சா நாங்க ஏம்மா போறோம்?" என்றாள் மகள். "தேடாத தெரு இல்ல. இருக்கறதெல்லாம் பூட்டின மாடிதான். மாசக் கடைசிக்குள்ள அவர் பதில் சொல்லணும்."

"நல்ல வேலைதானே, போய்ட்டு வாங்க" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி மறுபடி துடைத்தார். மகளை அனுப்பிவிட்டு இந்தக் கடையில் உட்கார்ந்து யாருக்குக் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து அந்தப் பொறியாளர் பெண் வந்தாள். எப்போதும் இடுப்பில் அளவு நாடா தொங்கியதால் தெரு அவளுக்கு 'டேப்பம்மா' என்று பெயர் வைத்துவிட்டது. கடைத்தெரு மாடிகளை வீடாக்க நகராட்சி உதவி செய்கிறது என்று அவள் கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். படிக்கட்டுக்கு இடம் என்றதும் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

"தெருவிலேருந்தே நேரா ஏறணும், கடைக்குள்ள புகுந்து போகக்கூடாது. அதுதான் சட்டம்" என்றாள் சம்பந்திகள் இருவரையும் நிற்க வைத்து. "உங்க ரெண்டு கட்டடமும் ஒட்டித்தான் இருக்கு. மேல நடுச்சுவர்ல ஒரு வாசல் திறந்துக்கலாம். கீழ யாராவது ஒருத்தர் இடம் குடுத்தா போதும்."

யாராவது ஒருத்தர் என்றதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சம்பந்தி கடை நல்லா தாராளமா இருக்கு" என்றார் அம்மா.

"சம்பந்தியம்மா சாமானெல்லாம் ஒரு டப்பாக்குள்ள அடங்கிடும். நான் பைப்பை மடிச்சா வைக்க முடியும்?"

"எனக்குப் பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவுல இருபதடி வேணும். அந்தப் பக்கச் சுவரோரம்தான் அது இருக்கு. அதுல படிக்கட்டு வச்சா நான் எங்க உக்காந்து கண்ணு பாக்கறது?"

"அப்ப புள்ளைங்க போகட்டும்ங்கறீங்களா?"

"அதை நீங்க சொல்லுங்க!"

டேப்பம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டாள். "பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசுவதாவது, முடிவு பண்ணுவதாவது. இருவரும் ஒரு வாரம் குப்பையைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், கூட்டமில்லாத மத்தியானம், அம்மா தானே பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரே இருபதடி தூரத்தில் எழுத்துப் பலகை. வீட்டுக்காரர் அளந்து மாட்டியது. இந்த இருபதடியைக் காப்பாற்றத்தான் பெண்ணைக் கண்காணாத ஊருக்கு அனுப்பப் போகிறோமா என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் கோபம் வந்தது. பாதி தூரத்திலும் கண் பார்க்கலாம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுத்தைத் திருப்பி அச்சடித்த பலகையைத் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்தால் முடிந்தது. எத்தனையோ கடைகளில் அப்படித்தான். 'என் கடைல எழுத்து நேராத்தான் தெரியும்' என்று இத்தனை நாள் அவர் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தார். வீம்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை நகராட்சிக்குப் போய்ச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். சம்பந்தியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பார் அந்த மனுஷர். அதைக் கேட்கிற தெம்பு மட்டும் அவருக்கு இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, சாவியை மகள் கையில் கொடுக்கும்போது தெரிந்தால் போதும்.

கொத்தனாரைக் கூப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையைச் சொன்னார். கொத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"எதுவும் பேசாதீங்க. பக்கத்துக் கடைக்குத் தெரியவே கூடாது. உங்க புள்ளைங்க மேல சத்தியம்."

கொத்தனார் திறந்த வாயை மூடிக்கொண்டார். காலையில் மட்டும் வந்து வேலை செய்தார்; மத்தியானம் வேறு ஒரு இடத்தில் வேலை என்று போய்விடுவார். தெருப்பக்கக் கதவை மட்டும் கடைசியில், விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே யோசனை சொன்னார். கைப்பிடிக்கு இரும்பு வேண்டியிருந்தது. பக்கத்திலேயே இரும்புக்கடை இருக்க, அம்மா ஊரின் மறுகோடிக்கு ஆட்டோ வைத்துப் போய் வாங்கி வந்தார்.

"என்ன சம்பந்தியம்மா, காலையில ஒரே இடி?" என்று வாசலில் கேட்டார் இரும்புக்கடைக்காரர்.

"அலமாரி மாத்தறேன். உங்க பக்கமும் மத்தியானம் சத்தமா இருக்கே?"

"பைப்பை ஒழுங்கு பண்றேன்."

இருவரும் திருப்தியாக உள்ளே போனார்கள்.

விடுமுறை முடிந்த மறுநாள் காலை, மகளையும் மருமகனையும் வரச்சொல்லியிருந்தார் அம்மா. புதுச்சேலை கட்டிக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவுக்கு வந்தால், அவர் கடையின் இந்தக் கோடியில் நீலக் கதவு. அதாவது அவர் வைத்தது. இரும்புக்கடையின் அந்தக் கோடியில் ஒரு பச்சைக் கதவு. அதன் முன்னால் சம்பந்தி சலவைச் சட்டையில், கையில் ஒரு சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் பிள்ளைகளை வரச்சொல்லியிருந்தாராம்.

அம்மா பச்சைக் கதவருகே போய் அதைத் தட்டிப் பார்த்தார்.

"பைப்பு ஒழுங்கு பண்ணீங்களா?" என்றார்.

"நீங்க அலமாரி மாத்தினீங்களா?"

மகள் இந்தக் கதவைப் பார்த்தாள், அந்தக் கதவைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் நீலக் கதவின் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா! ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாமே!"

"அவர் சொல்லலையே" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கூலி வாங்க வந்த கொத்தனார் மாட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சம்பந்திகள் ஒரே பக்கம் நின்று ஒரே குரலில் அவரைப் பிடித்து வாங்கினார்கள். "ரெண்டு பேரும் சத்தியம் வாங்கிட்டீங்க. எந்தச் சத்தியத்தை நான் மீறட்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மாவுக்கு மனசு கனத்தது. ஒருவர் கடை மிஞ்சியிருக்க வேண்டியது, இரண்டுமே சுருங்கிப்போயிற்று. சம்பந்தி பச்சைக் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். "அந்தப் பைப்பு அடுக்கு எங்கப்பா போட்டது" என்றார் மெதுவாக. "போகட்டும். புள்ளையவிட பைப்பா பெருசு." அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அம்மா எதிர்பார்க்கவேயில்லை.

மருமகன் கைபேசியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தான். "அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன் அத்தை. நீங்க ரெண்டு பேரும் இப்படி இடிச்சுக்கிட்ட அப்புறம் நான் எந்த முகத்தோட போறது?"

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்த சாவியை அவிழ்க்க வராமல் திண்டாடினார்.

சரிபார்க்க வந்த டேப்பம்மாவுக்கும் விஷயம் புரியக் கொஞ்சம் நேரமானது. "ரெண்டு மனு வந்ததும், பேசித்தான் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்!"

"இவங்களாவது பேசறதாவது" என்றான் மருமகன்.

அவள் எதிர்ப்புறம் போய் நின்று, பூட்டிக் கிடந்த மாடி ஜன்னல் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது. "ஒரே படிக்கட்டுன்னா ரெண்டு வீட்டுக்கு மேல அனுமதி கிடையாது. நெருப்பு கிருப்பு பிடிச்சா இறங்க இன்னொரு வழி வேணுமே. இப்ப ரெண்டு வழி, அதுவும் தள்ளித்தள்ளி இருக்கு. பின்பக்கமா மாடியிலயே ஒரு நடைவழி போட்டா, இந்த வரிசை மொத்தத்தையும் வீடாக்கிடலாம். வேற யாரும் கடையில ஒரு அடிகூட விட வேண்டாம்."

படிக்கட்டுக்கு இடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட துணிக்கடைக்காரர், மாடிச் சுவரில் ஒரு வாசல் திறக்க மட்டும் அன்றைக்கே சம்மதித்தார். தன் கையைக் கடிக்காது என்றால் ஊருக்கு நல்லது செய்ய யாருக்குத்தான் கசக்கும்? பாத்திரக்கடைக்காரர் தான் ஆரம்பத்திலிருந்தே இதைச் சொல்லி வந்ததாகக்கூடச் சொன்னார். நம்பத்தான் ஆளில்லை.

வேலை முடிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் சம்பந்தி வீட்டின் முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். புறாக்கள் தபாலாபீஸ் கூரைக்குக் குடிபோயின. மாடிகளுக்கு நர்ஸ் ஒருத்தி வந்தாள், பஸ் ஓட்டுநர் குடும்பம் ஒன்று வந்தது, கல்லூரிப் பெண்கள் சிலர் வந்தார்கள். சாயங்காலம் ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. யாருக்கோ தீப்பெட்டி தேவைப்பட்டது, யாருக்கோ பொத்தான் தேவைப்பட்டது, பூட்டிக் கிடந்த பேனாக்கடையில் ஒருவர் மளிகை வைத்தார். டீக்கடையும் திறந்தாயிற்று. அம்மாவின் கடை சுருங்கியதில் ஒரு லாபம்: இரண்டு பேர் நின்றாலே கூட்டம் நிற்பது போலத் தெரிய, என்ன விசேஷம் என்று பார்க்க மூன்றாமவர் வந்துவிடுகிறார்.

பிள்ளைகளின் வீடு இரண்டு கடைகளின் மேலும் சமமாகப் பரவியிருக்கிறது. எந்தப் பக்கமும் குறை வராமல் மகள் நீலக் கதவில் இறங்கிப் பச்சைக் கதவில் ஏறுகிறாள். நேற்று அவசரத்தில் பச்சைக் கதவிலேயே இறங்கிவிட்டாள் என்று, இன்று காலை சம்பந்தி நாலு பேர் கேட்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் தவறினா தலைகீழாவா போயிடும்? பெருக்கின குப்பையை முதல்ல அள்ளுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

உள்ளே வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். பழைய வாடிக்கை, ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறார். நிலைக்கண்ணாடியில் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து மூன்றாவது வரிக்கு வந்தவர், மேலே சத்தம் கேட்டு நிறுத்தினார்.

"புறா இன்னும் போகலையாம்மா?"

அம்மா சோதனைக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தலைக்கு மேலே ஜன்னல் பக்கம் போய், திரும்பி வந்து, எதையோ தேடி மறுபடி போயிற்று அந்தக் காலடி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

"புறா இல்லைங்க" என்றார். "என் பொண்ணு நடக்கறா. கொஞ்சம் இருங்க, அவ இறங்கிடட்டும். அப்புறம் படிக்கலாம்."