காதும் காதும் வைத்தாற்போல் ஒரு புதுமை

1

இந்தக் கதை பிறந்த இடம் என் சித்தியின் சமையலறை. காரணம் உப்பு. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் துறவி.

அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி பாதர் ஒருவர் கேட்டார். மடத்தில் எல்லாருடைய அங்கியையும் துவைத்தவர் அந்தத் துறவி. துவைக்கும்போதெல்லாம் கடவுளோடு பேசிக்கொண்டே இருந்ததால் பட்டப்பெயர் முணுமுணு. அவர் இறந்த பிறகு, அவரிடம் வேண்டிக்கொண்ட பேக்கரிக்காரருக்கு வருடக்கணக்காக ஓயாத விக்கல் நின்றுபோனது. மருத்துவர்களுக்குக் காரணம் அகப்படவில்லை. இப்படிப்பட்ட அற்புதத்தைத் திருச்சபையில் புதுமை என்பார்கள். அந்த ஒரு புதுமையால் முணுமுணு அருளாளர் ஆனார். புனிதர் ஆவதற்கு இன்னொன்று வேண்டும்.

"கதையில புதுமை இருக்கணும்மா," என்றார் பாதர்.

(பத்திரிகை ஆசிரியர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அது வேறு புதுமை. என்னிடம் இரண்டுமே இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'அதிகாலைக் காற்றில் அங்கிகள் சிறகு விரித்தன...' அடித்துவிட்டேன். ஈரத்துணி சொட்டும், பறக்காது.

இரண்டாவது: 'அவர் பிறந்த அன்று வானத்தில்...' விசாரித்தேன். ஒன்றுமில்லையாம்.

மூன்றாவதுதான் தேறியது. அவர் கடவுளிடம் சொன்னதெல்லாம் இவ்வளவே: சோப்பு நுரைக்கவில்லை, மடத்துத் தலைவர் காலுறையில் ஓட்டை, முழங்கால் வலி. "அவர் பதில் சொல்றாரா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார்.

"சொன்னா எனக்குக் கூச்சம் வந்துடும். அப்புறம் எப்படிப் பேசுறது?"

இந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அங்கேதான்.

3

இப்போது உப்பு. ஒரு காய்ச்சலில் சித்திக்குக் காது போய்விட்டது, மருத்துவர்கள் கைவிரித்தார்கள். சும்மா இருக்காமல் முணுமுணுவின் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிடும்போது, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றவளின் முதுகைப் பார்த்து, "உப்பே இல்ல," என்று முனகினேன்.

"இல்லேன்னா போட்டுக்கோயேன். டப்பா கிட்டதானே இருக்கு," என்றாள், திரும்பாமலே.

எனக்குப் புரையேறிவிட்டது.

"சித்தி! எப்பலேர்ந்து கேக்குது?"

"கத்தாதடி. சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது."

[நீங்கள் நினைப்பது தெரிகிறது: புருஷனின் தொணதொணப்புக்குத் தப்பிக்க நடிக்கிறாள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். தப்பு.]

"கல்யாணமானதிலேர்ந்து அவர் பேசினது ரெண்டே விஷயம். 'சாவி எங்க?' 'சாப்பாடு ஆச்சா?' காது போனதும் பக்கத்துல உக்காந்து என்னமோ பேச ஆரம்பிச்சார். கேக்காதுங்கற தைரியம். வாய் அசையுது, ஒண்ணும் விளங்கல. அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் உன் முணுமுணுகிட்ட வேண்டினேன்."

"என்னதான் பேசுறார்?"

சித்தியின் முகம் சிவந்தது. "'முதல்ல உன் கையைப் பிடிச்சப்ப எனக்குத்தான் கை நடுங்குச்சு, நீ நடுங்கினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்'னார். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா, மறுபடியும் சாவிக்கே போயிடுவார்டி."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். சித்தப்பா ஊதுகிறார், சித்தி ஒன்று விடாமல் கேட்கிறாள்.

4

பாதரிடம் சொன்னால் துறவி புனிதர் ஆவார். சித்திக்குச் சாவிதான் மிச்சம். சொல்லாமல் இருக்கவும் வாய் அரித்தது. கதை என்று போட்டால் எவர் நம்பப்போகிறார் என்று பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பத்திரிகையின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர் என் சித்தப்பா. இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் கதை எழுதுகிறேன்.

5

முடிவு அ: படித்ததும் சித்தப்பாவுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அது திரும்பி வரச் சித்தி மறுபடி வேண்டுகிறாள். பாதருக்கு ஒரு புதுமை உபரி.

முடிவு ஆ: சித்தி அவர் கையைப் பிடித்து... வேண்டாம், அழுதுவிடுவேன்.

நடந்தது: புரூஃப் திரும்பி வந்தது. விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டிருந்தார். நடுங்கிய கைக்குப் பக்கத்தில், 'ஒரு கை அல்ல, இரண்டும்' என்று திருத்தியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில்:

'அவளுக்குக் கேட்கிறது என்று எனக்கு எப்போதோ தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால் கூச்சமாகிவிடும். பார்த்துச் செய்.'

பாதர் புதுமை கேட்டு நாளை வருகிறார். "கதைய முடிச்சிட்டியா? படிச்சுக் காட்டு," என்று சித்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து அறையில் சித்தப்பா. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், இந்த வீட்டில் எல்லாருக்கும் காது கேட்கும்.