பெயர் தெரியாத சுண்டுவிரல்

…அதே சுண்டுவிரல்தான், சத்தியமாக அதே சுண்டுவிரல், கடைசிக் கணு மட்டும் வெளிப்பக்கம் திரும்பி, குடும்பப் போட்டோவில் ஒட்டாமல் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி… சரி, மூச்சு, மூச்சைப் பாருடா, உள்ளே வெளியே ஒன்று, உள்ளே வெளியே இரண்டு… எங்கே பார்ப்பது, நெஞ்சு மத்தளம் கொட்டுகிறதே! பத்துவரை எண்ண வேண்டும், நடுவில் தப்பினால் கூச்சப்படாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், இங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், இன்றைக்கு இவன் இரண்டைத் தாண்டவில்லை. சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, ஒன்பது மெத்தை, ஒன்பது முதுகு, எப்போதோ கழுத்தில் உடைந்து பசை போட்டு ஒட்டிய சின்ன புத்தர், கீழேயிருந்து ஏறி வருகிற சோப்பு வாசனை. எல்லாரும் கண்ணை மூடியிருக்க, முன்னால் ஒரு கடிகாரத்தையும் வெண்கலக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்க உரிமையுள்ள ஒரே ஆள் இவன்தான். ஆறரைக்கு ஒரு தட்டு, ஏழு பத்துக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. அதனால் கடைத்தெருவில் பிரேம் கடைக்காரர், இங்கே மணிக்காரர். ஐம்பத்தாறு வயசாகிறது மணிக்காரருக்கு, உள்ளுக்குள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருக்கிறார், வெளியே மட்டும் அசையவில்லை.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். பல் டாக்டர் வந்தார், வழக்கம்போல யாரையும் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனார், இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தார், மற்ற விரல்கள் மடங்கின, சுண்டுவிரல் மடங்கவில்லை. அவ்வளவுதான்! அவ்வளவுதானா? நேற்று சாயந்திரம் முழுக்க இந்த விரலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, எங்கே, எங்கே என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டானே… நேற்று கடையில் நாற்பத்தொரு படங்கள், இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தில் திறக்கிற கண்காட்சிக்கு. இந்த ஊரில் ஆணை ஆண் நேசித்ததும் பெண்ணைப் பெண் நேசித்ததும், ஒளிந்ததும், வெளியே வந்ததுமாக அறுபது வருஷக் கதை. எல்லாவற்றுக்கும் பிரேம் போட்டு, கண்ணாடி துடைத்து, அடியில் விவரச் சீட்டு ஒட்டுகிற வேலை இவனுக்கு. இருபத்துமூன்றாவது படத்தைத் துடைக்கும்போது, ஐயோ, அந்த ஊர்வலம்! முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய முதல் ஊர்வலம், தலையில் மளிகைக் கடைக் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு பேர், கையோடு கை, இடப்பக்கத்து ஆளின் சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் வெளியே. "முதல் ஊர்வலத்தில் இருவர். பெயர் தெரியவில்லை" என்று சீட்டில் அச்சடித்திருந்தது. வலப்பக்கத்து ஆளின் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றதைவிடப் பெரிசு, அதைத் தைத்தது அக்கா. பெயர் தெரியவில்லையாம்! பெயருக்குச் சொந்தக்காரன் துடைக்கிற துணியோடு இங்கே நிற்கிறான். ஆனால் இடப்பக்கத்து ஆள் யார் என்று கேட்டால் இவனுக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியாது.

வேலையில் இருந்தவர்களுக்குத்தான் பை. யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும், வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைப்பார், போலீஸ் தொல்லை தனி. தையல் கடைக்குப் பின்னால் வியாழக்கிழமைதோறும் கூடுகிற அறையில் உட்கார்ந்து கத்திரியால் கண்ணுக்கு ஓட்டை போட்டார்கள், வாய்க்கு ஓட்டை போட யாருக்கும் தோன்றவில்லை, பேசுகிற உத்தேசமே இல்லையே! ஊர்வலம் போனது பத்தொன்பது பேர், வேடிக்கை பார்த்தது முந்நூறு பேர். மாடியிலிருந்து எவரோ முட்டை எறிந்தார், அது தபால்பெட்டியில் பட்டு வழிந்தது, இவன் ஓடப் பார்த்தான், அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து இவன் கையைப் பிடித்தது. கேட்கவில்லை கொள்ளவில்லை, சும்மா பிடித்தது. சுண்டுவிரல் மட்டும் சேராமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "மூச்சு முட்டுதுப்பா" என்று அந்தப் பைக்குள்ளிருந்து ஒரு குரல். இவன் தன் விரலை நுழைத்து வாய்க்கு நேரே ஒரு ஓட்டை கிழித்தான். "அப்பாடா" என்றது குரல், அந்தச் சூடான காற்று இவன் விரலில் பட்டது, இப்போதும் படுகிறது… தெருமுனையில் கூட்டம் கலைந்தது, ஆளுக்கொரு சந்தில் நுழைந்து பையைக் கழற்றினார்கள், இவன் கழற்றிவிட்டுத் திரும்பி ஓடிவந்து பார்த்தால் குப்பைத்தொட்டி நிறையப் பைகள், ஒரு ஆளும் இல்லை. மாதக்கணக்கில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தான், கிறுக்கன்! அதற்கப்புறம் ரேடியோ ரிப்பேர்க்காரரோடு பதினோரு வருஷக் குடித்தனம், தங்கமான மனுஷன், அந்த அறையில் பாதிப் பேரை வாரிக்கொண்டுபோன வியாதி அவரையும் கொண்டுபோனது. அவரிடமும் சொல்லியிருக்கிறான். "எனக்கு முன்னாடியே உனக்கு ஒரு கை இருந்திருக்கு, சரியான ஆளுதான்யா நீ" என்று கேலி பண்ணுவார்.

உஸ்… நினைப்பு, நினைப்பு என்று அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்பு. திரும்பினால் பக்கத்து மெத்தையில் டாக்டர் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கிறது! ஏழு வருஷமாக இந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்திருக்கிறான். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். டாக்டர் ஜன்னலைத் திறப்பார், இவன் சாத்துவான், லாரிச் சத்தத்தில் என்ன தியானம்? டாக்டர் மறுபடி திறப்பார். "சாத்துனா மூச்சு முட்டும்யா, ஒம்போது பேரும் இங்கேயே பரிநிர்வாணம் அடைஞ்சிருவோம்" என்பார். கடைசியில் நாலு விரல் இடைவெளி என்று ஒப்பந்தமாயிற்று, அந்த நாலு விரலையும் இவன் அளந்துதான் விடுவான். மூச்சு முட்டும்! ஏழு வருஷமாக மனுஷன் இதைத்தானே சொல்கிறார், இவன் காதில் ஏறியதா? இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது, நினைத்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது… முடிக்கும்முன் எல்லாரும் நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்துவது இங்கே பழக்கம், முதலில் தனக்கு, பிறகு பிடித்தவருக்கு, பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு, கடைசியில் பிடிக்காதவருக்கு. முன்பின் தெரியாதவர் என்றால் இவனுக்கு எப்போதும் அந்தப் பைத்தலைதான், வேறு யாரையும் அந்த இடத்தில் வைத்ததே இல்லை. பிடிக்காதவரைத் தேட வேண்டியதே இருக்கவில்லை, பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில், அடி மனசிலிருந்து ஒன்று, வேண்டாவெறுப்பாக ஒன்று. ஏழு வருஷமாக இரண்டு கடிதமும் ஒரே விலாசத்துக்கா போய்ச் சேர்ந்திருக்கிறது? சிரிக்காதே, மணிக்காரன் சிரித்தால் மற்றவர்கள் கதி?

இன்னொரு தடவை பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். ஆனால் டாக்டரின் வலது கை இடது கைமேல் கச்சிதமாக மூடியிருக்கிறது, ஒரு நகம்கூடத் தெரியவில்லை. அசையுங்களேன் டாக்டர், ஒரு கொசு கடிக்கக்கூடாதா உங்களை! சே, என்ன வேண்டுதல் இது, புத்தர் முன்னால்… அப்படியே அந்த விரலாக இருந்தாலும் என்ன, பந்து பட்டுக் கோணிய விரல் ஊரில் ஆயிரம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு கோட்டை கட்டுவதா? நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பாள் அக்கா. நேரே கேட்டுவிட்டால்? அன்றைக்கு என் கையைப் பிடித்தது நீங்களா என்று? பேசுமுன் மூன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், உண்மையா, வேளையா, கேட்கிறவருக்கு நல்லதா. டாக்டருக்கு மனைவி தவறி மூன்று வருஷம், அந்த அம்மா படத்துக்கு பிரேம் போட்டதே இவன்தான், வாங்கிக்கொள்ளும்போது டாக்டர் கண் கலங்கினார். அது பொய்யா? பொய்யில்லை, அதுவும் நிஜம், கையும் நிஜம், ஒரு மனுஷனுக்குள் இரண்டு நிஜம் இருக்கக்கூடாதா? மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். அவர் பையை அவர்தான் கழற்ற வேண்டும். இவன் கழற்றக்கூடியது உலகத்திலேயே ஒரே ஒரு பைதான், அதையாவது கழற்றினானா? நேற்று கண்காட்சிக்காரப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அங்கிள் இவங்க பையைப் போட்டுக்கிட்டிருக்காங்க?" என்று கேட்டாள். அவள் கன்னத்தில் ஏழு நிறம் பூசிக்கொண்டு நடுத்தெருவில் ஆடுகிறவள், அவளுக்கு எப்படிப் புரியும்? "தூசிம்மா" என்றான். தூசியாம்! ஏழு வருஷம் உட்கார்ந்து எழுந்து, பொய் சொல்லமாட்டேன் என்று தினம் சொல்லி, கடைசியில் தூசி. போதும். ஒன்பதரைக்கு வேன் வரும், அதற்குள் புதுச் சீட்டு எழுதி ஒட்டுவான், வலப்பக்கம் நிற்பது யார் என்று முழுப்பெயரோடு, கடை விலாசத்தோடு. இடப்பக்கம், பெயர் தெரியவில்லை. அக்கா வந்து படிப்பாள். படிக்கட்டுமே! எனக்கு எப்பவோ தெரியும்டா என்பாளா, ஒரு மாசம் பேசாமல் இருப்பாளா, எதுவாக இருந்தாலும் அந்தப் பொத்தானை அவளுக்குக் காட்டுவான். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறுகிறது, பயமா சந்தோஷமா தெரியவில்லை, முப்பத்திரண்டு வருஷப் பைக்குள் திடீரென்று காற்று வருகிறது…

பின்வரிசையில் ஒரு முனகல். என்ன இது, இவ்வளவு வெயில் எப்படி சுவரில் ஏறியது? கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு முப்பத்தொன்று! அடப்பாவி, இருபத்தொரு நிமிஷம்! எட்டுப் பேர் கால் மரத்துப்போய்ப் பிணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், மணிக்காரன் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறான், இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லை. கட்டையை எடுத்தான், தட்டப்போகும்போது டாக்டரால் தாங்க முடியாமல் கை பிரிந்தது, இடது கை வெளியே வந்து முழங்காலைப் பிடித்தது, சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு, கடைசிக் கணு வெளிப்பக்கம் திரும்பி… கிண்ணத்தில் விழுந்த அடி சலவைக் கடைவரை கேட்டிருக்கும். ஒருத்தர் காலைத் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு ரொம்ப ஆழமாப் போயிருச்சு" என்றார். பேங்க் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எனக்கு நேரம் போனதே தெரியலை" என்றாள், முகம் வலியில் கோணியிருந்தது. இவன் நேரே ஜன்னலுக்குப் போனான். நாலு விரல் இடைவெளியைத் தள்ளி இரண்டு கதவையும் சுவரோடு அடிக்கத் திறந்துவிட்டான். லாரிச் சத்தம் உள்ளே கொட்டியது.

"என்ன மணிக்காரரே, உடம்பு சரியில்லையா? நீங்களே திறக்குறீங்க?" டாக்டர் படிவாசலில் உட்கார்ந்து ஷூவை எடுத்திருந்தார்.

"காத்து வரட்டும்னுதான். டாக்டர், இன்னைக்கு அஞ்சு மணிக்கு லைப்ரரியில ஒரு போட்டோ கண்காட்சி. நீங்க வந்தா சந்தோஷம்."

"என்ன போட்டோ?"

உண்மை, வேளை, நல்லது… போடா, சொல்லு! "பழைய ஊர்வலம். எங்க ஆளுங்களோட முதல் ஊர்வலம், ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க. ஒரு படத்துல நானும் இருக்கேன், மூஞ்சிதான் தெரியாது." சொல்லிவிட்டான்! இந்த அறையில், வாய்விட்டு, எங்க ஆளுங்க என்று சொல்லிவிட்டான், கூரை இடிந்து விழவில்லை, பேங்க் அம்மா டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் நிமிரவில்லை, ஷூக் கயிற்றை இழுத்தார், அவிழ்த்தார், மறுபடி இழுத்தார். "அஞ்சு மணிக்கு ஒரு கடவாப்பல் புடுங்கணும்" என்றார். சரி, அவ்வளவுதான், விரல் ஆயிரம் பேருக்குக் கோணலாக இருக்கும். டாக்டர் எழுந்து கைப்பிடியைப் பிடித்து இறங்கினார், நாலு படி இறங்கி நின்றார், திரும்பிப் பார்க்காமல், கீழே சலவைக் கடையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பையை மாட்டிக்கிட்டு எப்படிய்யா மூச்சு விட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

கட்டை இன்னும் இவன் கையில்தான் இருந்தது. பை… பை என்று இவன் சொன்னானா? சொல்லியிருந்தால் அது ஒரு டாக்டரின் சாதாரணக் கேள்வி, சொல்லவில்லை என்றால்… அட, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே, தன் வாயால் சொன்னது தனக்கே நிச்சயமாகத் தெரியவில்லையே! ஏழு வருஷமாகச் சொல்கிற சொல்லைக் கவனி, கவனி என்று பயிற்சி எடுத்த லட்சணம் இதுதானா? கீழே ஸ்கூட்டர் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. பேங்க் அம்மா டீயை நீட்டினாள், வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. பதறாதே, தப்பினால் ஒன்றிலிருந்து. ஒன்று, கண்காட்சி என்றான். இரண்டு, ஊர்வலம் என்றான். மூன்று, எங்க ஆளுங்க என்றான், எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்… நான்கு, மூஞ்சி தெரியாது என்றான். ஐந்தாவதாக ஏதாவது சொன்னானா?