வீசும் கட்டத்தில் ஆளில்லை

விடிவதற்கு முன்பே உருளையை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். மெரிமாக் ஆற்றங்கரையிலிருந்து ஆலை மணி கேட்டபோது மைதானம் பாதிதான் சமப்பட்டிருந்தது. ஆறு பேர் இழுக்க வேண்டிய இரும்பு உருளை அது. அன்றைய முறைக்காரர்கள் இரண்டே பேர்: பந்து பிடிக்கிற பார்னி கில்டே, பந்து வீசுகிற நெட் லாவரி.

பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்குகிறவனைப் பார்த்து ஊரே வயிறெரிந்தது. காலையில் மைதானத்தைச் சமன் செய்து, மதியம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்து, அதன் பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு ஆட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ஊருக்கு எப்படித் தெரியும்?

நெட் குனிந்து இருமினான். பார்னி கைப்பிடியை விட்டான்.

"நிக்காத பார்னி. நின்னா மறுபடி என்னால இழுக்க முடியாது."

பார்னி மறுபடி இழுத்தான். இரக்கம் வர வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எதுவும் வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவனுக்கு அப்படித்தான். எட்டு வருஷம் பந்து பிடித்ததில் இடது கை விரல்கள் ஐந்தும் ஒரு தடவையாவது ஒடிந்திருந்தன. இப்போது அடுப்பில் வைத்தாலும் சுடாது. விரல்களுக்கு வந்த மரப்பு மெல்ல மேலேறி நெஞ்சுக்கும் வந்துவிட்டதோ என்று அவனுக்குச் சந்தேகம்.

நெட்டுக்கு நுரையீரலில் சீக்கு. வசந்தத்திலேயே வைத்தியர் சொல்லிவிட்டார். அது நெட்டின் மனைவி ஹானோராவுக்கும் பார்னிக்கும் மட்டுமே தெரியும். கிளப் முதலாளி எல்பிரிட்ஜ் கிம்பால் இந்த வருஷம் புது விதி ஒன்றை உடை மாற்றும் அறையில் ஒட்டியிருந்தார். நோயில் விழுந்தவனுக்கு விழுந்த நாளோடு சம்பளம் நின்றுவிடும், கிளப் விடுதி அறையையும் அன்றே காலி செய்ய வேண்டும். நெட்டின் அறையில் ஹானோராவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஜூலையில் இன்னொரு வீச்சுக்காரனைச் செலவுக் குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார் கிம்பால். அன்றிலிருந்து தினமும் நெட்தான் வீசினான்.

காய்ச்சலோடு வீசினான். ஜெயிக்கவும் ஜெயித்தான். அதுதான் கொடுமை.

ஓர் ஆட்டம் முழுக்க ஒரே பந்து. எச்சிலும் மண்ணும் பட்டு அது கறுத்துக்கொண்டே போகும். புகையிலைச் சாற்றைத் துப்பித் தேய்த்து இன்னும் கறுப்பாக்குவது எல்லாக் குழுவிலும் நடக்கிற கூத்து. கறுத்த பந்து மட்டைக்காரன் கண்ணுக்குத் தெரியாது. நெட் இருமி வாயைத் துடைத்த கையால் வீசுவான். பந்தில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வரும். பார்னி அதைப் பிடித்ததும் புகையிலையைத் துப்பித் தேய்த்துத் திருப்பி எறிவான். ஜூன் மாதத்திலிருந்து இந்த வேலைதான். "கில்லாடிப்பா நீ," என்று கிம்பாலே ஒருநாள் முதுகில் தட்டினார்.

அன்று சனிக்கிழமை. மதியமே ஆலை விட்டு, மலிவு இருக்கைகள் நிரம்பி வழிந்தன. ஆற்றின் அக்கரை ஊர்க் குழுவோடு ஆட்டம். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நெட்டின் முகத்தைக் கிம்பால் உற்றுப் பார்த்தார்.

"என்ன லாவரி, வெளுத்துப்போய் நிக்கிற? உடம்பு முடியலன்னா இப்பவே சொல்லிடு."

"சொன்னா?"

"சொன்னா என்ன, விதி இருக்கு. நான் வெளிய அனுப்பற ஆள் இல்ல, விதி அனுப்புது."

"விதிய எழுதினது யாரு முதலாளி?" என்றான் பார்னி.

"உங்கிட்ட யாரு கேட்டது? நீ டிக்கெட்டக் கிழி."

"நல்லாத்தான் இருக்கேன் முதலாளி," என்றான் நெட்.

ஆறாவது சுற்று வரை தாக்குப் பிடித்தான். அதன் பிறகு வீச்சில் உயிரே இல்லை. அக்கரைக்காரர்கள் வரிசையாக அடித்து ஓடி, இடையில் நின்றுகொள்ளும் மூன்று பேஸிலும் ஆள் நிறுத்திவிட்டார்கள். அடுத்த பந்துக்குக் கையை ஓங்கிய நெட், வீசாமலேயே, கோடு போட்ட வீசும் கட்டத்துக்குள் மண்டியிட்டான். பந்து கையிலிருந்து நழுவி உருண்டது.

பார்னி ஓடினான். அவனுக்கு முன்னால் அக்கரைக் கேப்டன் கஸ் வெட்சல் வந்து நின்றான். பீப்பாய் உடம்பும் பெருங்குரலுமாக இருப்பவன்.

"என்னய்யா நாடகம்? மூணு பேரு பேஸ்ல நிக்கறப்ப பாத்து வயித்து வலி வருதா?"

பேஸ்பால் விதிப்படி ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற முடியாது. ஆடுகிறவனுக்கு நிஜமாகவே நோய் என்று எதிரணிக் கேப்டன் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. தோற்கிற நேரத்தில் நொண்டுகிற ஏமாற்றுக்காரர்கள் ஏராளம். அதனால் எந்தக் கேப்டனும் லேசில் நம்புவதில்லை.

"நாடகமில்ல கஸ். அவனுக்கு முடியல."

"மத்தியானம் டிக்கெட் கிழிச்சிட்டு நின்னானே! நானே பாத்தேன். போன வாரம் ரெண்டு நாள் எங்கள ஓட ஓட விரட்டினவன் நோயாளியா?"

பார்னிக்குத் தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக நண்பனின் வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் சாவைத்தான் தேய்த்து மறைத்திருக்கிறான். இப்போது உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. சொல்லாவிட்டால் நெட் இந்த வீசும் கட்டத்திலேயே முடிந்துபோவான்.

கீழே கிடந்த பந்தை எடுத்தான். தன் வெள்ளைச் சட்டையின் மார்பில் அழுத்தி இழுத்தான்.

"பார்னி, வேணாம்டா," என்றான் நெட் தரையிலிருந்து. "குழந்தை இருக்குடா."

சட்டையில் முதலில் பழுப்பு வந்தது. பின்னால் சிவப்பு வந்தது. பார்னி இன்னொரு தடவை இழுத்தான். அதிகமாக வந்தது. வெட்சல் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"இதையா நாங்க இத்தன நாளா அடிச்சோம்?" என்றான். பெருங்குரல் எங்கோ போயிருந்தது. "ஆள மாத்திக்கங்க. நான் ஒத்துக்கறேன்."

அதற்குள் கிம்பால் இறங்கி வந்துவிட்டார். சட்டையைப் பார்த்தார், நெட்டைப் பார்த்தார்.

"அப்ப மறைச்சிருக்கீங்க. லாவரி, இன்னைக்கே அறையக் காலி பண்ணு. பீன், இங்க வா! நீ வீசு. அடுத்த வருஷமும் நீதான் வீச்சுக்காரன்."

வாலஸ் பீன் மைதானத்தின் வலது ஓரத்தில் நின்று ஆடுபவன். வீச வாய்ப்புக் கேட்டு இரண்டு வருஷமாக நெட்டோடு முறைத்துக்கொண்டிருந்தவன். மெதுவாக நடந்து வந்தான். பார்னி நீட்டிய பந்தைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"நேத்து கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் முதலாளி," என்றான். "இன்னைக்கு இவன அனுப்புற வாசல் வழியாத்தான நாளைக்கு என்னையும் அனுப்புவீங்க?"

நெட்டின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பார்னிக்கு அழுகை வந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்ததே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்னடா வேணும் உங்களுக்கு?" என்றார் கிம்பால்.

"குணமாகற வரைக்கும் இவனுக்குச் சம்பளம் உண்டு, அறை உண்டுன்னு எழுதிக் குடுங்க," என்றான் பார்னி. "இவனுக்கு மட்டுமில்ல, யாரு படுத்தாலும். குடுங்க, இப்பவே ஆடறோம்."

"மிரட்டறியா?"

"இல்ல முதலாளி. உக்காந்திருக்கோம்."

நடுவர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் வீசும் கட்டத்தில் ஆள் நிற்காவிட்டால் வெற்றி அக்கரைக்காரர்களுக்கு என்றார். ஆலைப் பெண் ஒருத்தி வேலி தாண்டி வந்து தன் சால்வையை நெட்டின் மேல் போர்த்தினாள். தடுக்க வந்த காவல்காரர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

கிம்பால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. இந்த ஊர்ல ஆட ஆசைப்படறவன் தெருவுக்குப் பத்து பேர் இருக்கான். நாளைக்கே வேற ஒன்பது பேரக் கொண்டாந்து நிறுத்தறேன்."

"கொண்டாங்க," என்றான் கஸ் வெட்சல்.

கிம்பால் திரும்பினார். வெட்சல் பின்னால் கையாட்டினான். மூன்று பேஸிலும் நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். மட்டைக்காரன் மட்டையைப் போட்டுவிட்டு வந்தான். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் வந்தார்கள்.

"எங்க முதலாளியும் இதே காகிதத்தத்தான் ஒட்டிருக்காரு," என்றான் வெட்சல். "நீங்க ஒன்பது பேரக் கொண்டாங்க ஐயா. எதிர்த்து ஆட யாரக் கொண்டாருவீங்க?"

சொல்லிவிட்டுப் பெரிய உடம்பை இறக்கி நெட்டின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவன் ஆட்களும் உட்கார்ந்தார்கள்.

நேரம் முடிந்தது என்று நடுவர் கூவினார். வெற்றி உங்களுக்குத்தான், எழுந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கரைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். நெட்டைச் சுற்றிப் பதினேழு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.