அம்மாவின் நம்பர்

வேலை கிடைத்ததா இல்லையா என்பதை இளவேனிலுக்கு அம்மாவின் போன்தான் சொல்ல வேண்டும். வடமதுரை ரோட்டிலுள்ள நூல் மில்லில் லேப் வேலைக்கான நேர்காணலுக்குப் போனபோது, தன் அம்மா பேச்சாயியின் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். கல்லூரிக் காலத்தில் எவனோ ஒருவன் ஓயாமல் மிஸ்டு கால் கொடுத்ததிலிருந்து, இளவேனிலின் நம்பர் வெளியாள் யாருக்கும் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கேள்விகளுக்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னாள். குரல்தான் மேசையைத் தாண்டவில்லை. “சத்தமாப் பேசும்மா” என்றார் மேனேஜர் சகாயராஜ். வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடுவதாகச் சொல்லித் தன் கார்டைக் கொடுத்தார்.

வெள்ளி போனது. ஞாயிறும் போனது. கூடப் படித்தவர்கள் திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய்விட்டார்கள். குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வரும். இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆளில்லை.

திங்கள் காலை மல்லிகை பறிக்கையில், அடுத்த வரிசையில் நின்ற ஜக்கம்மாளிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழம எவனோ ஒருத்தன், இளவேனில் இருக்காளான்னு போன்ல கேக்குறான். அம்புட்டுத் தைரியம். அப்படி ஒருத்தியும் இங்க இல்ல, வைடா போனன்னுட்டேன்.”

“யாரு எவருன்னு கேக்கலியாக்கா?”

“கேட்டு? விருந்தா வைக்கப்போறேன்?”

இருவரும் சிரித்தார்கள்.

“அம்மா, செத்த நேரம் போனக் குடு” என்று வாங்கிக்கொண்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனாள் இளவேனில். வெள்ளிக்கிழமை வந்த அழைப்பைத் தேடிப் பார்த்தாள். கார்டிலிருந்த நம்பரேதான். அழுத்தினாள்.

“சார், நான் இளவேனில் பேசுறேன். லேப் வேலைக்கு வந்திருந்தேன்.”

“ஏம்மா, அப்படி ஆளே இல்லன்னாங்களே. சரி, நம்பர் தப்பு போலன்னு வேலைய அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டோம். இன்னிக்கு வந்து சேந்துருச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப நல்லாத்தான பேசுற” என்றார்.

“சரிங்க சார்.”

திரும்பி வந்தபோது அம்மா கேட்டாள். “யாருக்குடி?”

“கூடப் படிச்ச புள்ளைக்கு.”

அம்மா போனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “லோன் வேணுமான்னு போன் போட்டுக் கேக்குறதெல்லாம் பொம்பளப் புள்ளைகதான். மில்லுலயும் ஒரு புள்ளதான் கூப்புடும். அதுக்காகத்தான் நான் போன எறக்கி வைக்கவே இல்ல, பாரு.”

“ம்” என்றாள் இளவேனில். அடுத்த செடிக்குக் குனிந்தாள்.