பையன் அனுப்பி வைத்த பயணம்

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேருங்க?" என்று கப்பலின் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த பல்மருத்துவரின் மனைவி கேட்டபோது அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஒரே பொண்ணு. சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பதில். அதைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு. பெரியவ பொண்ணு. அடுத்தது பையன்."

அவள் கையிலிருந்த சிறிய கத்தி அப்படியே நின்றது.

"பையன் என்ன பண்றாரு?"

"இன்ஜினியர். பாலம் கட்டுற கம்பெனி. இந்தப் பயணமே அவன் அனுப்பி வெச்சதுதான். ரெண்டு பேரும் ஒரு வேலையும் செய்யாம உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்கன்னு ஒரே பிடிவாதம்."

பல்மருத்துவர் சிரித்தபடி தன் கண்ணாடிக் குவளையை உயர்த்தினார். "குடுத்து வெச்சவங்க சார் நீங்க." அவள் கணவரும் குவளையை உயர்த்தினார். லிஃப்ட் பழுது பார்த்தே காலம் கழித்த அந்தக் கையின் நகக்கணுக்களில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. கை நடுங்கவில்லை. குரலும் பிசிறவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

பையன் பத்தொன்பது வயதில் இறந்துபோனான். ரத்தத்தில் வந்த நோய். இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தது மகள். தனக்கென்று வைத்திருந்த ஆசைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டு, அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது வீட்டை விட்டு வெளியே போய்ச் சிரிக்கட்டும் என்று அனுப்பி வைத்தாள். துறைமுகத்தில் கட்டிப்பிடித்து, "எல்லாமே டிக்கெட்லயே சேத்தி. சாப்பாடு, ஆட்டம் பாட்டு, ஐஸ்கிரீம் வரைக்கும். நீங்க விரலை அசைக்க வேண்டாம்மா" என்று சொன்னபோது மகளின் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் பரிசைத் தூக்கி, இல்லாத பையன் கையில் கொடுத்துவிட்டார் மனுஷர்.

அறைக்குத் திரும்பியதும் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். "வாயில வந்துடுச்சு."

"நாளைக்கு மாத்திச் சொல்லிடுங்க."

"சாப்பிடுற எடத்துல அதை எப்படிம்மா சொல்றது? அவங்க யாரோ, நாம யாரோ. எறங்கினா அவங்க வழி அவங்களுக்கு. விடு."

அவளும் விட்டாள். விடுவதற்கு வசதியான இடம்தான் அது. கப்பல் என்று பெயரே தவிர ஒரு ஊரையே தூக்கி மிதக்கவிட்டது போல இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீச்சல் குளத்துக்கு நடுவே ஒரு கடை, அதில் ஈரத்தோடு நின்றபடி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருந்ததால் தரைக் கம்பளத்தில் மீன் படம் போட்டிருந்தார்கள். மீன் நீந்தும் பக்கம் கப்பலின் முன்பக்கம் என்று அர்த்தமாம். லிஃப்டுக்குள் தரையில் இன்றைக்கு என்ன கிழமை என்று எழுதிய விரிப்பு கிடக்கும். அதை அவள் கணவர் முதல் நாளே கண்டுபிடித்தார். "இல்லன்னா இங்க யாருக்கும் கிழமை ஞாபகம் இருக்காது பாத்துக்க" என்றார். கதவு மூடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லா எண்ணெய் போட்டிருக்கான்" என்று பாராட்டினார்.

அவளுக்குத்தான் கை ஓடவில்லை. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலம் முழுக்க நின்றே வேலை பார்த்தவள். காலையில் எழுந்து படுக்கையைத் தட்டி மடித்து வைத்தாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளர் அதைப் பார்த்து முகம் வாடி, என் வேலையில் ஏதாவது குறையா என்று கேட்டார். அதற்கப்புறம் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது எல்லாம் வேலையைப் பற்றித்தான். குழாய் ஒழுகுது, மாத்திரை தீர்ந்துபோச்சு, அடுப்பை அணைச்சியா. இங்கே குழாய் ஒழுகவில்லை, அடுப்பும் இல்லை. எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது பையன் மட்டும்தான்.

பையன் போன பிறகு அவர் அவனைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவள் அழும்போதெல்லாம் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். கல் நெஞ்சு என்று அவள் நினைத்திருக்கிறாள். கோபத்தில் ஓரிரு முறை சொல்லியும் இருக்கிறாள். அந்த மனிதர்தான் இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் அந்த நால்வர் மேசையில் பையனை உட்கார வைத்துப் பேசினார். நம் மொழிக்காரர்கள் என்று ஒரே மேசையில் சேர்த்துவிட்டிருந்ததால் பயணம் முழுக்க அதே முகங்கள்தான். குழம்பில் மிதக்கும் வெங்காயத்தைப் பையன் பொறுக்கி ஓரம் வைப்பானாம். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வருமாம். செருப்பை ஒழுங்காகக் கழற்றவே மாட்டானாம், ஒன்று வாசலில் கிடந்தால் இன்னொன்று கட்டிலுக்கடியில் இருக்குமாம். அத்தனையும் நிஜம். பாலம் கட்டும் கம்பெனியைத் தவிர மற்ற எதுவும் பொய்யில்லை. இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பேச்சுவாக்கில் அவர், "உயரம்னா மட்டும் அவனுக்கு ஆகாது, மொட்டை மாடி ஓரத்துக்கே வர மாட்டான்" என்றார்.

"உயரம்னா பயமா? அவனுக்கா?" அவளை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது. "அது உங்க பொண்ணு. இவன் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு என் உசுரை வாங்கினவன்."

மேசையே சிரித்தது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். ருசி கண்ட நாக்கு மாதிரி மனசு இன்னும் இன்னும் என்று கேட்டது. அன்று மகள் போனில் அழைத்து, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டாள். "நல்லா பேசுறாருடி. இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல" என்றாள் அவள். மகள் சந்தோஷத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பல்மருத்துவரின் மனைவி நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கலகலப்பான பெண். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"அக்கா, சுத்தி வளைக்காம கேக்குறேன். பையனுக்கு இன்னும் எங்கயும் பாக்கலையே?"

"இன்னும் இல்லம்மா, நல்ல எடமா வரட்டும்னு இருக்கோம்" என்று அதற்கும் அவரே பதில் சொன்னார்.

அந்தப் பெண் தன் போனைத் திறந்து மகளின் படத்தைக் காட்டினாள். மூக்குக்கண்ணாடி போட்ட, சிரிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்ளும் பெண். படிப்பு, வேலை, குணம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "பையன் போட்டோ ஒண்ணு இருந்தா காட்டுங்களேன்" என்றாள். இதோடு தீர்ந்தது, மாட்டிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேடவே இல்லை. ஒரே தொடலில் படம் வந்தது.

லிஃப்ட் சாமான்கள் கிடக்கும் அவருடைய பழைய பட்டறையில், கருவிப் பெட்டியின் மேல் பையன் உட்கார்ந்திருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான். மீசை அரும்பியும் அரும்பாமலும் இருந்தது. அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கும் எல்லாப் படங்களும் அவளுக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தாள்.

"கொஞ்சம் பழைய போட்டோ" என்றார் அவர்.

"முகத்துலயே தெரியுது சார், நல்ல பையன். எனக்கு அனுப்புங்க."

அவர் அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவள் மேல்தளத்துக்குப் போனாள். பல்மருத்துவரின் மனைவி அங்கே கைகளை வீசி நடந்துகொண்டிருந்தாள். சாய்வு நாற்காலிகளில் ஜனங்கள் உடம்பில் களிம்பு தடவிக்கொண்டு வெயிலுக்குக் கிடந்தார்கள். எங்கோ ஒலிபெருக்கியில் இன்றைய விளையாட்டுகளை அறிவித்தார்கள்.

"கொஞ்சம் உக்காரும்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க ஊசி குத்துவதற்கு முன்னால் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை.

"என்னக்கா, காலங்காத்தால?"

"அந்தப் போட்டோவைப் பொண்ணுக்கு அனுப்பிட்டியா?"

"நேத்தே அனுப்பிட்டேனே. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்." அவள் முகம் பூரித்திருந்தது.

"அவன் இல்லம்மா."

"இல்லன்னா? வேற எடத்துல முடிவு பண்ணிட்டீங்களா?"

"செத்துப்போயிட்டான். அந்தப் போட்டோவுல இருக்கானே, அந்த வயசுலயே."

பல்மருத்துவரின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் பயந்தாள், பிறகு கண்ணில் நீர் முட்டியது, அதற்குப் பிறகு கோபம் வந்தது. "என் பொண்ணு கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? அவ அந்த மூஞ்சியைப் பாத்து மனசுல ஏதாவது..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்க முடியாமல் எழுந்தாள். நான்கு அடி போனவள் திரும்பி வந்து அவள் தோளில் கை வைத்தாள். அப்புறம் போய்விட்டாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பையனின் ரத்தத்தை நுண்ணோக்கியில் முதலில் பார்த்தது அவள்தான். சாதாரணக் காய்ச்சல்தானே, நாமே பார்த்துவிடலாம் என்று எடுத்துப்போனாள். கண்ணாடியில் தெரிந்ததைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அது மாறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் அவள் தொழில். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைச் சொன்னதும் அவள்தான். அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

இன்றும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அறைக்குப் போனாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று, கடைசி நாள் விருந்துக்கான வெள்ளைச் சட்டையை இப்போதே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இவனுக்குச் சரிப்பட்டு வருவாளாம்மா? கொஞ்சம் அமைதியான டைப்பாத் தெரியுது."

அறையில் வேறு யாரும் இல்லை. கேட்பதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை. கிட்டே போய், "பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி போட்டுவிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெளியே போனாள்.

அன்று ராத்திரி விருந்துக் கூடத்தில் மேசைக்கு மேசை பூங்கொத்து வைத்திருந்தார்கள். பல்மருத்துவரும் மனைவியும் வர மாட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர்கள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. சூப் வந்தது, குடித்த கிண்ணங்களும் போயின. பல்மருத்துவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் கணவரின் கைமேல் தன் கையை வைத்தார்.

"சார், உங்க வீட்டம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"எதைச் சொன்னா?"

பல்மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவளைப் பார்த்தாள்.

"உங்க பையனைப் பத்தி..."

அவள் கணவர் ஒரு கணம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பும்படி சிரித்தார்.

"ஓ, அதுவா! இவளுக்குப் பையனை இன்னொருத்தி கையில குடுக்க மனசு வராதுங்க. எந்த எடம் வந்தாலும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிடுவா. ஆனா இந்த மாதிரி ஒரு காரணம்..." அவள் பக்கம் திரும்பினார். சிரிப்பு உதட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏம்மா, பெத்தவ வாயால இப்படிச் சொல்லலாமா?"

யாரோ கன்னத்தில் அறைந்தது போல அவள் முகம் எரிந்தது. அவர் கண்ணைப் பார்த்தாள். புத்தி பேதலித்தவரின் கண்ணாக இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். அப்படி இல்லை. எல்லாம் தெரிந்த கண். கரை இறங்க இன்னும் ஒரே ஒரு ராத்திரி, அதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே என்று அது கெஞ்சியது. எதிரே பல்மருத்துவரின் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புவதா வேண்டாமா என்று புரியாமல், நம்ப ஆசைப்பட்டு.

அப்போது கூடத்து விளக்குகள் மங்கின. சமையலறைக் கதவுகள் திறந்து, பணியாளர்கள் வரிசையாகத் தலைமேல் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். இசை காதைப் பிளந்தது. கடைசி விருந்தின் வழக்கமாம். மேசைகளில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று, மடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்ற ஆரம்பித்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை வெள்ளையாகச் சுழன்றது. அவள் கணவரும் எழுந்தார். கையை உயர்த்தித் துணியைச் சுற்றினார், எல்லோரையும்விட வேகமாக, எல்லோரையும்விட உயரமாக. அவர் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அதை அவர் துடைக்கவும் இல்லை, சுற்றுவதை நிறுத்தவும் இல்லை.

அவள் மெல்ல எழுந்தாள். மடியிலிருந்த துணி நழுவி விழப் பார்த்தது. அதைப் பிடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.