பெல் போன் ஆகாது

நெட் லைன் போட வந்த முனிரத்தினம் அந்த வெள்ளை டப்பாவை என் போன் ஒயருக்கும் சுவருக்கும் நடுவில் சொருகப் போனபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் ஒயர் உள்ளே போகிறது, மறுபக்கம் வெளியே வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட எதையும் நான் நம்புகிறதில்லை.

"இன்னாடா இது? உள்ள யாரு குந்திக்கினு ஒட்டுக் கேக்கறான்?"

"ஃபில்டர், தாத்தா. உங்க பேச்சும் நெட்டும் ஒரே ஒயர்ல வருது. இது இல்லன்னா போன் அடிக்கறப்ப நெட்டு அறுந்துடும். லைன்ல தொங்கற ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணு போடணும். வூட்ல எத்தினி போன் கீது?"

"ரெண்டு."

முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று, இரண்டு டப்பா போட்டான். மோடத்தில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நெட் எனக்கல்ல, மருமகள் ஷாலினிக்கு. நோய்க்காலம் முடிந்து கம்பெனிகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவள் விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் பெங்களூரிலிருந்து திரும்புவாள். மகன் ராகுலனுக்கு ஓசூரில் வேலை, ஞாயிறு மட்டும் வருவான். குழந்தை மகிழன் பகல் முழுக்க எதிர்வீட்டு சுனிதாவிடம். அவன் பேச ஆரம்பித்ததும் முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது சுனிதாவைத்தான். ஷாலினி வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று அதைக் கேட்டாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

கம்பெனியில் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கண்முன்னால் வீடியோவில் வேலை செய்து காட்ட வேண்டும், நடுவில் லைன் அறுந்தால் திங்கட்கிழமை ரயிலேறிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செல்போனை நம்ப முடியாது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள், தங்க மைன்ஸின் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. மேட்டைத் தாண்டி சிக்னல் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். எனவே இந்த ஒயர்தான் கதி.

டப்பா போட்ட மறுநாளே லைன் அறுந்தது. கொர்னேலியஸ் போன் பண்ணினான், மோடத்தில் பச்சை செத்து, சிவப்பு கண்ணைச் சிமிட்டியது. அதற்கடுத்த நாளும் அதேதான். கொர்னேலியஸ் என் மைன்ஸ் கூட்டாளி, இப்போது பேத்தமங்களாவில் மகள் வீட்டில் இருக்கிறான். இரண்டு பேருக்குமே மைன்ஸ் தூசி நெஞ்சில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் இன்னும் உள்ளே கிடக்கிறான் என்று ஆள் தேடுவார்கள். மைன்ஸ் மூடியும் நாங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலையில் அவன் அடிப்பான், நான் எடுப்பேன். "கீறியா?" என்பான். "கீறேன்" என்பேன். உயிரோடு இருக்கிறாயா, இருக்கிறேன், அவ்வளவுதான் பேச்சு.

முனிரத்தினத்தைக் கேட்டால், லைன் பழசு தாத்தா, போனை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிடுங்கள், நெட் மட்டும் ஓடட்டும் என்றான்.

"பாத்தியா? டப்பாவ போட்டு லைனக் கெடுத்துட்டு, இப்ப என் போனையே புடுங்கப் பாக்கறான்" என்று ஷாலினியிடம் சொல்லிவிட்டு நான் இரண்டு டப்பாவையும் பிடுங்கிப் போட்டேன். அதன்பிறகு போனை எடுத்தாலே காதில் கரகரவென்று மணல் சலிக்கிற சத்தம். ஷாலினி இரண்டையும் திரும்ப மாட்டினாள். சத்தம் நின்றது. அப்போதும் நான் நம்பவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டாள். கொர்னேலியஸ் அடித்தான், பச்சை செத்தது. அவள் மோடத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். முன்னறை, பாபாசாகேப் படத்துக்குப் பின்புறம், பின்னறை, ஜன்னல் மூலை, வெளியே ஆட்டுக்கொட்டாய். அங்கே போய் நின்றாள்.

"மாமா, இது இன்னா?"

"பெல்லு."

தட்டு அளவு பித்தளை பெல். மைன்ஸ் சாமானை ஏலம் விட்டபோது வாங்கி, போன் அடித்தால் இதுவும் அடிக்கும்படி நானே ஒயர் இழுத்து மாட்டியது. பாறையில் துளை மெஷின் போட்டுப் போட்டு என் காது போய்விட்டது. ஆடுகளோடு இருக்கும்போது வீட்டுக்குள் போன் அடித்தால் கேட்காது. இது அடித்தால் மூடிக்கிடக்கும் மைசூர் மைன்ஸ் வரைக்கும் கேட்கும்.

"முனிரத்தினம் கேட்டானே, லைன்ல இன்னா தொங்குதுன்னு?"

"எத்தினி போன்னு கேட்டான். ரெண்டுன்னேன். பெல்லு போனா?"

நான் சொன்னதில் தப்பில்லை. மைன்ஸின் அடியில், லெவலில், போன் வேறு, பெல் வேறு. போன் ஆபீசருடையது, நாங்கள் தொடக்கூடாது. பெல் எங்களை ஏற்றி இறக்கும் கேஜுடையது, எங்கள் உயிர். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கிறவன் மைன்ஸைப் பார்க்காதவன்.

ஷாலினி சிரித்த சிரிப்பில் ஆடுகள் விலகி நின்றன. "அது உங்க மைன்ஸ்ல மாமா. இந்த ஒயருக்கு அதெல்லாம் தெரியாது. அடிக்கற எதுவும் அதுக்கு போன்தான்."

"அப்ப பெல்லக் கழட்டணுமா?"

"கழட்டினா கொர்னேலியஸ் மாமா அடிக்கறது உங்களுக்குக் கேக்குமா? அங்கயே இருக்கட்டும்."

பின்னறை போனில் இருந்த டப்பாவை எடுத்து வந்தாள். பின்பக்கத்துக்கு ஒயர் பிரிகிற இடத்திலேயே, முன்னறைச் சுவரில், அதை வைக்கச் சொன்னாள். அதற்குப் பின்னால் போனோ பெல்லோ எது தொங்கினாலும் அந்த ஒரு டப்பா பார்த்துக்கொள்ளுமாம். நான் ஒயரைச் சீவி முறுக்கிக் கொடுத்தேன், அவள் டேப் சுற்றினாள்.

"சரி, எறங்கு. வெத்து கேஜ் ஓட்டிப் பாக்கணும்" என்றேன். கேஜ் இறங்குகிற ஷாஃப்டில் ரிப்பேர் செய்தால் ஆள் ஏற்றாமல்தான் முதலில் கேஜை இறக்குவோம். கொர்னேலியஸைக் கூப்பிட்டு, திரும்ப அடிடா என்றேன்.

"இன்னாத்துக்குடா தொர? கீறேன்னு இப்பதான சொன்ன? அதுக்குள்ள சந்தேகம் வந்துடுச்சா?"

"பேசாம அடிடா."

பெல் அலறியது. பச்சை அப்படியே நின்றது. இன்னொருமுறை அடிக்கச் சொன்னேன். நின்றது. மூன்றாவது முறை அவனே கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடித்தான். அப்போதும் நின்றது.

வெள்ளிக்கிழமை மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே நைட்டியோடு ஷாலினி மேசையில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் கொர்னேலியஸ அடிக்க வேணாம்னு சொல்லிடட்டா?" என்றேன். எனக்கே பயம் வந்துவிட்டது.

"அடிக்கட்டும் மாமா."

திரையில் மூன்று முகம். இங்கிலீஷ், நடுவில் கன்னடம். நான் மோடம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வாசல்படியில் சுனிதா, அவள் மடியில் மகிழன். ஷாலினி கடகடவென்று பேசிக்கொண்டே விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பெல் அடித்தது.

ஆடுகள் கத்தின. திரையில் இருந்த ஒருவர், "ஏனம்மா, தேவஸ்தானானா?" என்றார், கோயிலா என்று.

"இல்லா சார், நம்ம மாவன ஃபோனு" என்றாள் ஷாலினி, மாமாவின் போன் என்று. அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அறுந்துபோகாமல் முழுசாக வந்தது.

சத்தத்துக்கு பயந்த மகிழன் சுனிதாவின் மடியிலிருந்து நழுவி இறங்கினான். தத்தித் தத்தி ஓடி மேசைக்கு அடியில் நுழைந்து, ஷாலினியின் நைட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சுனிதா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஷாலினி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை மட்டும் கீழே இறங்கி அவன் தலையில் உட்கார்ந்தது.

பெல் விடாமல் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. எடுக்காவிட்டால் நான் செத்துவிட்டேன் என்று கொர்னேலியஸ் பூமாலையோடு பஸ் ஏறுவான். ஏறட்டும். வந்து பார்க்கட்டும். பித்தளை அதிர்ந்து ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது, முக்காலியே நடுங்கியது. என் முழங்கால் பக்கத்தில் அந்தப் பச்சை விளக்கு மட்டும் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.